கத்திரி தாங்கும் ரோஜாக்கள்

பிப்ரவரி 9

காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது மருமகள் இந்துமதி கேட்டாள். "மாமா, மேக்கால இருக்கற காலி எடத்துல ரோஜா வெக்கலாமுங்களா?"

வீட்டுக்கு மேற்கே உள்ள அந்த இடம், நந்துவும் அவளும் தனியாக இருக்க இரண்டு அறை கட்டுவதற்காக விட்டது. வரைபடம் நானே போட்டேன். பொதுப்பணித் துறையில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு மகன் வீட்டுக்கு வரைய வேறு ஆள் எதற்கு? அஸ்திவாரம் தோண்டி, நான்கு மூலையிலும் கம்பி நிறுத்தியதோடு வேலை நின்றுபோனது. போன வருஷம் மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஷட்டில் விளையாடப் போன நந்தகோபால் விளையாடிக்கொண்டிருந்த இடத்திலேயே விழுந்தான். முப்பத்து நாலு வயது. டாக்டர் இதயம் என்றார். இதற்கு மேல் அதைப் பற்றி இந்த டைரியில் எழுதப் போவதில்லை.

"வெக்கலாம் கண்ணு. தாராளமா வெக்கலாம்," என்றேன்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. அவர்களுக்குக் குழந்தை இல்லை. உடுமலையிலிருந்து அவள் அண்ணன் இரண்டு தடவை வந்து கூப்பிட்டுப் பார்த்தான். அவள் போகவில்லை. ஏன் போகவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் யோசித்துவிடுவாள் என்று தோன்றியது. இப்போது தோட்டம் போடுகிறேன் என்கிறாள். போகிறவள் தோட்டம் போடுவாளா?

இதை என் மனைவி ருக்மணியிடம் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "அவ உங்களுக்குத்தான் வெக்கறா," என்றாள்.

"நமக்குத்தானே. வேற யாருக்கு?" என்றேன்.

அவள் கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பிப்ரவரி 16

காங்கேயம் ரோட்டு நர்சரிக்கு இந்துவோடு போனேன். அட்டையில் படம் பார்த்து எனக்குப் பிடித்ததெல்லாம் தட்டு அகலத்துக்குப் பூக்கிற ஜாதிகள். நர்சரிக்காரர் சிரித்தார். "பூக்குமுங்க. ஊட்டியில பூக்கும். தாராபுரம் வெயிலுக்கு நிக்கோணுமில்லீங்க?"

இதழ் அதிகமாக அடுக்கி வரும் பெரிய பூ இந்த வெயிலில் விரிவதற்குள் ஓரம் கருகிவிடுமாம். இதழ் குறைவான, சின்னப் பூ கொத்தாக வருகிற செடிதான் நிற்குமாம். இந்து அவரைக் கேள்வி மேல் கேள்வி கேட்டாள். போர்த் தண்ணி உப்பாக இருக்கும், தாங்குமா? ஆடிக் காத்துக்குக் கிளை முறியாதா? மாமாவுக்குச் சர்க்கரை, முள் குத்தினால் சீக்கிரம் ஆறாது, முள் கம்மியாக எது இருக்கு? ஒரு வாரம் யாரும் கவனிக்காமல் விட்டால் பிழைக்குமா?

"நாம எங்க போகப்போறோம், கவனிக்காம விடறதுக்கு?" என்றேன்.

அவள் ஒரு செடியைத் தொட்டிருந்த கையை எடுத்துவிட்டு, "இல்லீங்க மாமா, சும்மா கேட்டேன்," என்றாள்.

கடைசியில் அவள் சொன்ன யோசனைதான். ஒவ்வொரு ஜாதியிலும் ஒன்றைத் தொட்டியில் வைத்துக் கோடையைக் கடத்துவது. கத்திரி வெயிலையும் ஆடிக் காற்றையும் தாங்கி நிற்பதை மட்டும் ஆவணியில் தரையில் இறக்குவது. பன்னீர் ரோஜா, ஆந்திரா சிவப்பு, பட்டன் ரோஸ், வெள்ளையில் ஐஸ்பெர்க், ரோஸ் நிறத்தில் கிளாடியேட்டர். என் பிடிவாதத்துக்காக ஒரு ஃபர்ஸ்ட் பிரைஸ்.

மார்ச் 4

இந்து லேபில் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் முரளிதரன் என்பவர் வந்தார். ஓசூர்ப் பக்கம். வீட்டில் ரோஜா விவசாயமாம். இரண்டு கன்று கொண்டுவந்து கொடுத்தார். மேற்கு இடத்து மண்ணைக் கொத்தி எடுத்துக் கையில் உதிர்த்துப் பார்த்தார்.

"சார், இதுல கட்டட வேலைக் காரை எல்லாம் கலந்து கெடக்கு. சுண்ணாம்பு இருந்தா எல மஞ்சளாயிடும். பொறுக்கி எடுத்தாகணும்."

சொல்லிவிட்டு அவரே கடப்பாரையைக் கேட்டார். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு மதியம் வரை தோண்டினார். நல்ல பையன். அதிகம் பேசுவதில்லை. இந்து மோர் கொண்டுவந்தாள். எனக்கு உப்புப் போட்டது. அவருக்கு உப்பில்லாமல் தனி டம்ளரில். அவருக்கு அப்படித்தான் பிடிக்குமாம். கூட வேலை செய்கிறவர்கள், தெரிந்திருக்கும்.

மார்ச் 27

இலைக்கு அடியில் சிவப்பாகப் பொடி போல் பேன். வேப்பெண்ணெய் கரைசல் அடித்தோம். ஆந்திரா சிவப்பில் முதல் மொட்டு.

ஏப்ரல் 20

முரளி மறுபடி வந்தார். நிழல்வலை கட்டினோம். மதிய வெயிலுக்கு மட்டும் மறைப்பு, காலை வெயில் முழுக்க விழ வேண்டும் என்றார். கட்டி முடிக்கும்போது கயிறு அவிழ்ந்து வலை மொத்தமும் என் தலையில் விழுந்தது. இந்து சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, பொத்த முடியாமல் சிரித்தாள். சமையலறை ஜன்னலில் நின்று ருக்மணி பார்த்துக்கொண்டிருந்தாள். இந்து சிரித்து எவ்வளவு நாளாயிற்று. தோட்டம் நல்ல யோசனைதான்.

மே 7

கத்திரி தொடங்கிவிட்டது. ஃபர்ஸ்ட் பிரைஸில் ஒரு மொட்டு கோழிமுட்டை அளவுக்கு வந்து, விரியாமலே வெந்துபோனது. இந்துவிடம் காட்டினேன். "உட்ருங்க மாமா, அது இந்த ஊருக்கு வந்த செடி இல்லீங்க," என்றாள்.

பன்னீர் ரோஜா எதுவும் நடக்காதது போல் பூத்துக்கொண்டிருக்கிறது. எங்கும் கிடைக்கிற செடி என்று நான் அதை அவ்வளவாக மதிக்கவில்லை.

இன்னொன்று. வெயில் ஏறுவதற்குள் ருக்மணி தானாக வெளியே வந்து தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள். ஒரு வருஷமாகச் சமையலறையை விட்டு வராதவள். பட்டன் ரோஸ் தொட்டியை மட்டும் நிழலுக்கு இழுத்து வைத்தாள். இந்து கதவோரம் நின்று பார்த்துவிட்டு, சத்தம் காட்டாமல் உள்ளே போய்விட்டாள்.

மே 17

நந்துவுக்கு வருஷத் திதி. வெயில் அதிகம்.

மே 19

இந்துவின் அண்ணன் திதிக்கு வந்தவன் இன்று காலைதான் கிளம்பினான். கிளம்பும் முன் இந்துவோடு சமையலறையில் பேசிக்கொண்டிருந்தான். "வருஷம் முடிஞ்சிருச்சு. இனியாச்சும் சொல்லிரு. அவரும் எத்தன நாளைக்குக் காத்திருப்பாரு?" என்றது காதில் விழுந்தது. யார் காத்திருக்கிறார், என்ன சொல்ல வேண்டும் என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரி விஷயமாக இருக்கும். நான் கடலைப் புண்ணாக்கு ஊறவைக்கப் போய்விட்டேன்.

ஃபர்ஸ்ட் பிரைஸ் பட்டுப்போனது. வேரோடு பிடுங்கிப் போட்டேன்.

ஜூன் 15

காற்று ஆரம்பித்துவிட்டது. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து நேராக நம் வீட்டுக்குத்தான் வருகிறது போல. கிளாடியேட்டரில் நல்ல கிளை ஒன்று கணுவோடு பிய்ந்துவிட்டது. முரளி வந்து எல்லாச் செடிக்கும் குச்சி நட்டுக் கட்டிக் கொடுத்தார்.

மதியம் சாப்பிட்டுப் போகச் சொன்னது ருக்மணி. இலை வாங்கி வைக்கவில்லை. அலமாரியிலிருந்து தட்டு எடுத்துக் கழுவிச் சோறு போட்டாள். விளிம்பு அகலமான அந்தத் தட்டு. நந்துவின் தட்டு. இந்து அதைப் பார்த்தாள். அத்தையைப் பார்த்தாள்.

எனக்குப் பசியில்லை. காற்றில் நின்றதில் தலைவலி.

ஜூலை 6

இந்து எனக்குப் பாடம் எடுக்கிறாள். கவாத்து எப்படிச் செய்வது, வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்கு மேலே சாய்வாக எப்படி வெட்டுவது. அது முடிந்ததும் செல்போனில் சிலிண்டர் பதிவு செய்வது. அப்புறம் அத்தையின் தைராய்டு மாத்திரை எந்த டப்பாவில், வெறும் வயிற்றில் எதைப் போட வேண்டும், எதைச் சாப்பாட்டுக்குப் பின்.

"இதெல்லாம் நீ பாத்துக்கறதுதானே கண்ணு?"

"நீங்களும் தெரிஞ்சு வெச்சுக்குங்க மாமா."

வெட்டப் பழகியதில் கட்டைவிரலில் கொப்புளம்.

ஜூலை 13

மாலையில் தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தோம். இந்து களைக்கொத்தைக் கீழே வைத்தாள்.

"மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுங்க."

"சொல்லு."

"முரளி என்னயக் கட்டிக்கறேன்னு கேட்டிருக்காருங்க. ஓசூர்லயே அவருக்கு வேல கெடச்சிருக்கு, செப்டம்பர்ல போறாரு. எனக்கும் சம்மதந்தானுங்க. ஆனா உங்களக் கேக்காம நான் பதில் சொல்லலீங்க."

கீழே ஒரு மஞ்சள் இலை கிடந்தது. எடுத்தேன். இன்னொன்று கிடந்தது. அதையும் எடுத்தேன்.

"உன்ற அத்தைக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க. எனக்கு முன்னாலயே அவங்களுக்குத் தெரியுமுங்க. நீயே மாமாகிட்டச் சொல்லுன்னாங்க."

"அப்பறம் எதுக்கு இந்தத் தோட்டம்?"

காற்று அவள் தலைமுடியை முகத்தில் அடித்தது. ஒதுக்கிக்கொள்ளாமலே சொன்னாள். "நான் போயிட்டா நீங்க ரெண்டு பேரும் கதவச் சாத்திட்டு உள்ளயே உக்காந்துக்குவீங்க மாமா. காத்தால எந்திரிச்சா ஒரு வேல வேணுமில்லீங்களா. அதான் உங்களால பாக்க முடியற செடியாப் பாத்து..."

"நாய்க்குட்டிக்கு எலும்பு போடற மாதிரியா?" என்றேன்.

நான்தான் சொன்னேன். அவள் மறுபடி களைக்கொத்தை எடுத்து, மீதி இருந்த களையையெல்லாம் எடுத்து முடித்துவிட்டுத்தான் உள்ளே போனாள்.

ஜூலை 15

தண்ணீர் ஊற்றவில்லை.

ஜூலை 18

ஆடி பிறந்துவிட்டது. காற்று. இந்து வேலைக்குப் போகும்போது "போயிட்டு வாரனுங்க மாமா" என்றாள். பேப்பரில் கவனமாக இருந்தேன்.

ஜூலை 21

செடிகளுக்கு ருக்மணி ஊற்றுகிறாள். என்னிடம் பேசுவதில்லை.

ஜூலை 24

காலையில் இந்து காபியை மேஜையில் வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"முரளிகிட்ட வேண்டாம்னு சொல்லிட்டனுங்க மாமா. நீங்க சாப்பிடாம கொள்ளாம இருக்காதீங்க."

"ம்," என்றேன்.

மதியம் நன்றாகச் சாப்பிட்டேன். சாயங்காலம் பட்டன் ரோஸுக்குப் புண்ணாக்குத் தண்ணீர் ஊற்றினேன். பிரச்சினை தீர்ந்தது. இனி எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

ஜூலை 27

ஞாயிறு. இந்து வீட்டில்தான் இருந்தாள். எல்லாம் ஒழுங்காகத்தான் செய்கிறாள். கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்க்கிறாள். சாயங்காலம் ஹோஸ் பிடித்துத் தண்ணீர் விட்டவள் ஒரே தொட்டி முன்னால் நின்றுவிட்டாள். தொட்டி நிரம்பி வழிந்து, மண் கரைந்து, அவள் கால்மேல் ஓடியது. அப்போதும் நகரவில்லை. நான் போய்க் குழாயை மூடினேன். "அட, பாக்கலீங்க மாமா," என்று சிரித்தாள். வலை விழுந்த அன்று சிரித்த சிரிப்பு இல்லை இது.

அவள் உள்ளே போனதும் ருக்மணி வந்தாள். இத்தனை நாள் பேசாததையெல்லாம் சேர்த்துப் பேசினாள்.

"உங்களுக்கு இப்ப நிம்மதியா?"

"நான் அவளப் போகாதேன்னு சொல்லவே இல்லயே."

"சொல்லல. சொல்லாம மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு உக்காந்திருந்தீங்க. என்ற பையன் போனதுக்கு அவ என்ன பண்ணுவா? முப்பது வயசு ஆகல அவளுக்கு. நீங்களும் நானும் போனதுக்கப்பறம் இந்த வீட்ல அவ யாரு கூட உக்காந்து சோறு திங்கறது?"

"உனக்கு அவ போறது வருத்தமில்லயா?"

"வருத்தமில்லயான்னு கேக்கறீங்க." கரைந்து கிடந்த மண்ணை அள்ளித் தொட்டியில் போட்டாள். "அவ வேலைக்குப் போயிட்டுச் சாயங்காலம் கேட்டத் தொறக்கற சத்தம் கேக்கற வரைக்கும் நான் வாசலப் பாத்துட்டுத்தான் இருக்கேன். நந்து போனதுலருந்து தெனமும். அதுக்குன்னு அவளப் புடிச்சு வெச்சுக்கறதா?"

ஆகஸ்ட் 2

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் முரளி தங்கியிருக்கும் அறைக்குப் போனேன். மாடிப்படி குறுகல். கதவு திறந்திருந்தது. துணி துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வாங்க சார். உக்காருங்க. வீட்ல யாருக்காச்சும் உடம்பு சரியில்லீங்களா?"

"எல்லாம் நல்லாத்தான் இருக்காங்க. ஓசூருக்கு எப்பக் கெளம்பறீங்க?"

"செப்டம்பர் மொத வாரம் சேரணும் சார்."

"இந்துவையும் கூட்டிட்டுப் போங்க."

அவர் நின்றுகொண்டேயிருந்தார். "அவங்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க சார்."

"அது அவ சொன்னது இல்லீங்க தம்பி. நான் பேசாம இருந்தனுங்க. அதுக்குப் பயந்து சொன்னது. ஆடி முடியட்டும். ஆவணியில முகூர்த்தம் இருக்கு. அவ அண்ணன் வந்து முறையாப் பேசுவான். அதுக்கு முந்தி நான் வரோணும்னு தோணுச்சு."

அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் குடித்து முடிக்கும் வரை காத்திருந்தார்.

"உங்களுக்குச் சம்மதமா சார்?"

"இல்லீங்க," என்றேன். "ஆனா வந்திருக்கேன்ல."

அவர் தலையை ஆட்டினார். அதற்கு மேல் என்னைக் கேட்கவில்லை. படியிறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார், படி குறுகல் என்பதால்.

வீட்டுக்கு வந்து இந்துவிடம், "முரளி தம்பியப் பாத்துட்டு வந்தேன் கண்ணு. ஆவணியில வெச்சுக்கலாம்னு சொல்லியிருக்கேன்," என்றேன். அவள் அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தை விட்டுவிட்டு எழுந்து தன் அறைக்குள் போனாள். ருக்மணி அந்த வெங்காயத்தை எடுத்து அரிந்தாள்.

ஆகஸ்ட் 23

மூலைக் கம்பிகளை வெட்ட ஆள் வந்தது. நான் கடைக்குப் போயிருந்தேன்.

ஆகஸ்ட் 24

செடிகளைத் தரையில் இறக்கினோம். காற்று அடங்கிவிட்டது. வரைபடம் புதிதாகப் போட்டு வைத்திருந்தேன். மேற்கு ஓரத்தில் பன்னீர் ரோஜா வரிசையாக, காற்றை வாங்கிக்கொள்ள. அதற்கு இந்துவே கிளை நட்டு வேர் பிடிக்க வைத்திருந்தாள். நடுவில் ஆந்திரா சிவப்பு. பக்கத்து வீட்டு வேம்பின் மதிய நிழல் விழும் இடத்தில் ஐஸ்பெர்க். சமையலறைப் பக்கம் ருக்மணிக்குப் பட்டன் ரோஸ். கிளாடியேட்டர் கிளை ஒடிந்தும் பிழைத்துக்கொண்டது. அதை எங்கே வைப்பது என்று முரளி கேட்டார். "நீங்க கஷ்டப்பட்டுக் கட்டுன செடி. நீங்களே சொல்லுங்க," என்றேன். அவர் இந்துவைப் பார்த்தார். அவள் ஜன்னலுக்கு நேராக ஓரிடத்தைக் காட்டினாள். என் அறை ஜன்னல்.

குழியில் செடியை நிறுத்தி அவள் பிடித்துக்கொள்ள நான் மண் தள்ளினேன். "ஒட்டுப் போட்ட எடம் மண்ணுக்கு மேலயே இருக்கோணுங்க மாமா," என்றாள். "தெரியும் கண்ணு, நீ சொல்லிக் குடுத்ததுதான்," என்றேன். இரண்டு பேர் கையிலும் மண். சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. வேப்பம் புண்ணாக்கு எவ்வளவு போடுவது என்று கேட்டேன். ஒரு கைப்பிடி என்றாள்.

செப்டம்பர் 4

முகூர்த்தம் நல்லபடியாக முடிந்தது. கோயிலில் இரு பக்கமும் சேர்த்துச் சொந்தக்காரர்கள் மட்டும். முரளியின் அம்மா ருக்மணியின் கையை விடவேயில்லை.

கார் கிளம்பும்போது இந்து எங்கள் காலில் விழுந்தாள். ருக்மணி தூக்கி விட்டாள். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 5

தண்ணீர் ஊற்றினேன்.

செப்டம்பர் 11

ஐஸ்பெர்க்கில் ஒரே கொத்தில் நிறையப் பூ. யாரிடம் சொல்வது என்று தெரியாமல் ருக்மணியிடம் சொன்னேன். "காத்தாலயே பாத்தாச்சு," என்றாள். சாயங்காலம் அவள் வாசலைப் பார்த்து உட்காரவில்லை. சமையலறையில் ரேடியோவைச் சத்தமாக வைத்திருந்தாள்.

இந்து தினமும் போன் செய்கிறாள். ருக்மணிதான் பேசுகிறாள். என்னிடம் கொடுத்தால் செடிகளைப் பற்றிச் சொல்கிறேன். அவளும் அதையே கேட்கிறாள்.

அக்டோபர் 5

ஐஸ்பெர்க்குக்குப் பக்கத்தில் ஒரு இடம் காலியாக இருக்கிறது. வரைபடத்தில் நான் விட்ட பிழை. பஸ்ஸில் போய் நர்சரியில் தனியாகத் தேடினேன். நர்சரிக்காரர் புதிதாக வந்த பெரிய பூச் செடிகளைக் காட்டினார். மஞ்சளில் சிவப்பு ஓரம், பார்க்க அழகுதான். இதழை எண்ணிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றேன். கடைசியில் கொத்துப் பூ விடும் இளஞ்சிவப்பு ஒன்று, முள் குறைவு. இந்த ஊர் வெயிலைப் பார்த்து நானாகத் தேர்ந்தெடுத்த முதல் செடி.

திரும்பி வரும் பஸ்ஸில் நல்ல கூட்டம். மடியில் செடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வயது இருக்கும் ஒரு அம்மாள், கையில் பையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கிளை தன் சேலையில் மாட்டாமல் ஒதுக்கிவிட்டுக் கேட்டார்.

"ரோசாச் செடிங்களா? ஊட்டுக்கா?"

"ஆமாங்க."

"நெறைய வெச்சிருக்கீங்களா?"

"இருக்குதுங்க கொஞ்சம்."

"யாருங்க பாத்துக்கறாங்க? ஊட்ல எத்தன பேரு?"

"நானும் என்ற சம்சாரமும்தானுங்க." இதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் தானாகச் சொன்னது. "பொண்ணக் கட்டிக் குடுத்துட்டோம், ஓசூர்ல. இப்பத்தான் ஒரு மாசமாச்சு."

"அடடா. அப்ப ஊடு வெறிச்சுன்னுதான் இருக்கும். ஒரே பொண்ணுங்களா?"

"பையன் ஒருத்தன். அவன் இல்லீங்க."

நந்து இல்லை என்று என் வாயால் ஒருவரிடம் சொன்னது இன்றைக்குத்தான். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் தெரிந்துகொண்டுதான் வந்தார்கள். யாருக்கும் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த அம்மாள் வேறு மாதிரி புரிந்துகொண்டார். அவர் மகனும் ஊரில் இல்லை, துபாயில் இருக்கிறானாம். என் முழங்கைமேல் லேசாகத் தட்டினார்.

"இந்தக் காலத்துல யாரு புள்ளைங்க கூட இருக்குது? மனசத் தளர விடாதீங்க. தீவாளிக்கு ரெண்டும் வந்துரும் பாருங்க."

"ஆமாங்க," என்றேன். "வந்துரும்."